பல்லி இழுத்த பச்சை

ஒன்பது மாடிக் கட்டடத்தில் கண்ணாடி துடைப்பதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருஷமாகக் கயிற்றில் தொங்குகிறவருக்கு, உள்ளே வேலை பார்ப்பவர்கள் பல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஒரு கோடு விழாமல் வைப்பரை இழுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதனால்தான் மூன்றாவது மாடியில் புதிதாகத் தொடங்கிய ஓவிய வகுப்பைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. டீச்சர் கேன்வாஸில் நீலத்தையும் மஞ்சளையும் கொட்டி, அட்டையால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். உருவம் ஒன்றும் கிடையாது, வெறும் நிறம்தான். இழுப்புதான் விட்டுவிட்டுப் போனது. பொறுக்க முடியாமல், அட்டையைச் சாய்த்துப் பிடிக்கும்படி வெளியிலிருந்தே சைகை காட்டினார். டீச்சர் ஜன்னலைத் திறந்தார்.

"என்னண்ணே, கண்ணாடியில ஏதாவது பிரச்சினையா?"

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் பாதியில தயங்குது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்களே வந்து இழுங்க."

கீழே இறங்கி, லிஃப்டில் ஏறிப் போனார். வைப்பரால் ஒரே இழுப்பு. மஞ்சளும் நீலமும் வழுக்கிக்கொண்டு போக, நடுவில் யாரும் கலக்காத ஒரு பச்சை எட்டிப்பார்த்தது. வகுப்பே எழுந்து வந்து கேன்வாஸைச் சூழ்ந்துகொண்டது. அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்றே கேன்வாஸும் பெயின்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அதோடு வீடு வீடாக இல்லை. ஈரப் பெயின்டில் உப்பைத் தூவினார். சோப்பு நுரையை ஊதினார். தையல்காரியான மனைவி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காய்ந்த பெயின்டைப் பிளேடால் சுரண்டப்போய்க் கேன்வாஸ் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருக்கீங்க? கொடுங்க இப்படி."

மெஷினில் சிவப்பு நூல் கோத்துக் கிழிசலைத் தைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, பக்கத்தில் இன்னொரு தையல் ஓட்டினாள்.

டீச்சர் வைத்த கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். மனைவியின் அண்ணன் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்ள, இதுல மேல் எது, கீழ் எது?"

"தையல் மேல வரணும் மச்சான்" என்றார் அவர்.

"கீழதான் வரணும்" என்றாள் அவள்.

"வரைஞ்சது யாரு?"

"தைச்சது யாரு?"

மச்சான் நைசாக நழுவிவிட்டார்.

படம் இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. காலையில் அவர் மாட்டிவிட்டுப் போவது, சாயங்காலம் தலைகீழாக இருக்கும். திருப்பி மாட்டிவிடுவார். போன வாரம் ஒருநாள் அது பக்கவாட்டில் தொங்கியது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.