ஒரு ம்ஹூமுக்காக

எங்கள் கவிதைக் குழுவில் ‘அருமை’ போடுவது கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரிதான். நீ எனக்குப் போட்டால் நான் உனக்குப் போடுவேன். ஒரு வாரம் கையை நிறுத்தினால் அடுத்த வாரம் நம் கவிதை சீந்துவாரில்லாமல் கிடக்கும். படித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடுகிற வேலை எனக்கு. ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி எடைமேடையில் ஏறுவதற்குள் கட்டைவிரலால் அருமை, சிறப்பு, அருமை என்று தள்ளிக்கொண்டே போவேன். போன் திரையெல்லாம் கரித்தூள். துடைத்துத் துடைத்து என் சட்டை முனையெல்லாம் கறுப்பு.

முகநூல் குழு. ஊர் ஊருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் நிர்வாகி ஒரு படம் போடுவார். ஜன்னலில் மழை, ஒற்றைப் படகு, கதவோரம் நிற்கும் பெண், இப்படி ஏதாவது. சாயங்காலத்துக்குள் எல்லோரும் அதற்கு எழுத வேண்டும். வாரக் கடைசியில் சான்றிதழ் உண்டு. இரண்டு மயில், ஒரு மைக்கூடு, நடுவில் நம் படம், அடியில் ஒரு பட்டம். அந்தப் பட்டத்தைப் படித்தால் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நமக்கே தோன்றும். என் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதக் காட்டுனா டவுன் பஸ்ல டிக்கெட் இல்லாம ஏத்துவாங்களாங்க?” என்று கேட்டாள்.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேலிதான், ஆனால் நானும் அங்கேதானே குடியிருக்கிறேன்? பகலெல்லாம் கரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அலையைப் பற்றி நாலு வரி எழுதினால் யார் கேட்பார்கள்? லாரி ஓட்டுநரிடம் போய்ப் படிக்க முடியுமா? அங்கே கேட்டார்கள். முகம் தெரியாதவர்கள் அண்ணே, அக்கா, சகோ என்று கூப்பிட்டுக்கொண்டோம். அதுவும் ஒரு ஆறுதல்தான். இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

ஒற்றைப் படகுப் படம் வந்த அன்று திருவேட்டக்குடிக் கரையில் ஏற்றிப் போட்டிருக்கும் படகுகளை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன். கடலுக்குப் போகாத படகு, வெயிலில் காய்கிற கயிறு, எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. கடைசியில் மட்டும் ‘என் காதலும் அப்படியே’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். காதல் இல்லாத சரக்கு அந்தச் சந்தையில் போணியாகாது. நினைத்தபடியே அருமைகள் விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒன்று இப்படி வந்தது:

“ம்ஹூம். கடைசி வரி வேண்டாம்.”

மேடையில் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. என் வரியைப் பார்த்து ம்ஹூம் சொல்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான் உண்டு. அவன் என் அண்ணன்.

நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் வீடு. அண்ணன் விவசாயம் பார்த்தான். நான் பள்ளிக்கூடத்தில் கிறுக்க ஆரம்பித்தபோது கேட்க வேறு நாதியில்லை. அவன் வயலுக்கு மடை மாற்றிக்கொண்டிருப்பான், நான் வரப்பில் உட்கார்ந்து படிப்பேன். மண்வெட்டியை நிறுத்தாமலே கேட்பான். பிடிக்காத வரி வந்தால் “ம்ஹூம்” என்பான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்திருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டான், சும்மா இருப்பான். ம்ஹூம் வரவில்லை என்றால் தேறிவிட்டது என்று நானாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். அவன் கையில் மோதிரமெல்லாம் இல்லை, சேறுதான் இருந்தது. ஆனாலும் அந்தக் குட்டுக்கு ஈடாக எந்தச் சான்றிதழையும் நான் பார்த்ததில்லை.

பிறகு காரைக்கால் டவுனில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். மாதா கோயிலில் திருமணம். அண்ணன் புது வேட்டி சட்டையில் கோயில் கேட் வரைக்கும் வந்தான். உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலமே போனைப் போட்டு, “வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவன் இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்று கத்தினேன். அவனும் பதிலுக்குச் சொன்னான். யார் மேல் தப்பு என்று கேட்டால் ஆளுக்குப் பாதி. அப்பா காரியத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றோம். என் மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், பெரியப்பா என்று அவன் யாரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

அந்த ம்ஹூம் போட்டவருக்குப் பெயர் ஏதோ புனைபெயர். முகப்பில் முகமும் இல்லை, ஒரு மதகின் படம்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வாய்க்கால் மதகேதான். அதற்குள் நிர்வாகி, “நட்பே, ஊக்கப்படுத்தும் விதமாகக் கருத்திட வேண்டுகிறோம்” என்று பூங்கொத்தோடு கண்டித்திருந்தார். பயந்துபோய்விட்டேன். இவர் அவனைத் துரத்திவிட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்? அவசரமாக, “அண்ணன் சொல்வது சரிதான். நன்றி அண்ணே” என்று போட்டுவிட்டுக் கடைசி வரியை வெட்டினேன். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் அண்ணன் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு ஆளுக்குத்தான். அருமைகளைத் தள்ளிவிட்டு மதகுப் படம் எங்கே என்று தேடுவேன். ‘ம்ஹூம். அந்த நிலா வேண்டாம்.’ ‘ம்ஹூம். இது நீ பார்த்தது இல்லை.’ ஒரு தடவை வெறும் ‘ம்ஹூம்’ மட்டும். அன்றைக்கு முழுக் கவிதையையும் அழித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். மனைவி கேட்டாள், “உள்பெட்டியில போயி, ‘அண்ணே, நான்தான்’னு ஒரு வார்த்தை போட்டா என்னங்க, விரலா தேஞ்சிடும்?” போட்டிருக்கலாம். பயம்தான். நேரே கூப்பிட்டு அவன் விருட்டென்று போய்விட்டால் இந்த ம்ஹூமும் இல்லாமல் போய்விடுமே. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான், அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். போதவில்லை என்பது வேறு விஷயம். நெடுங்காடு போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால் ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று இருக்கும்.

அப்புறம் ஒருநாள் மதகுப் படத்தின் பக்கத்தில் ‘நல்லா இருக்கு’ என்று வந்தது. அடுத்த கவிதைக்கும் ‘நல்லா இருக்கு’. அதற்கடுத்ததற்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. மனம் இளகிவிட்டது, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மனைவியிடம் காட்டினேன்.

“உங்கண்ணன் நல்லா இருக்குங்கிறாருன்னா அவருக்குத்தான் உடம்புக்கு ஏதோ,” என்றாள்.

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதுவரை கருத்து மட்டும் போட்டுவந்த அந்தக் கணக்கிலிருந்து ஒருநாள் ஒரு கவிதை வந்தது. நாலே வரி.

‘வலது கை தூங்குகிறது
இடது கை அதை எழுப்பப் பார்க்கிறது
வாய் இருக்கிறது
சொல் வெளியூர் போயிருக்கிறது’

குழு குதித்தது. “அருமை, படிமம் சிறப்பு” என்றார் ஒருவர். “வலது இடது என்று நாட்டு நடப்பைச் சாட்டையால் அடித்துவிட்டீர்கள் தோழர்” என்றார் இன்னொருவர். ஒரு அக்கா அதைக் காதல் கவிதை என்றே முடிவுகட்டி மூன்று இதயம் போட்டிருந்தார். நிர்வாகி சான்றிதழே அறிவித்துவிட்டார். எனக்கு வேறு ஆசை. அண்ணன் முதன்முதலாக எழுதியிருக்கிறான், இத்தனை வருஷத்துக் குட்டுகளையும் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வருமா? சிரித்துக்கொண்டே அடித்தேன்: “ம்ஹூம். நாலாவது வரி வேண்டாம் அண்ணே.”

கொஞ்ச நேரத்தில் உள்பெட்டியில் செய்தி வந்தது.

“தம்பி, நான் அண்ணி. அது கவிதை இல்ல. மழைக்கு முன்னாடியே உங்க அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. கை வரல, பேச்சும் வரல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படி எழுதிட்டேன்.”

மேடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினேன். மனைவிக்குப் போன் போட்டு, அண்ணி எழுதியதைப் படித்துக் காட்டினேன். “இன்னிக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் அப்புறம் வரேன்,” என்றாள்.

பஸ் அந்த மதகைத் தாண்டிப் போனது. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது, வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயலில் யார் மடை மாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

வாசலில் அண்ணி நின்றிருந்தார்கள். “வாங்க தம்பி” என்றார்கள், நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். தலை பாதி நரைத்து, முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தான். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிடி. “அண்ணே” என்றேன். அழுதுவிட்டேன். அவனும் அழுதான்.

காப்பி கொடுக்கும்போது அண்ணி எல்லாவற்றையும் சொன்னார்கள். கணக்கு அவர்களுடையது. அண்ணனுக்குப் போனில் பேசத்தான் தெரியும், எழுத வராது. படகுக் கவிதை என் படத்தோடு வந்தபோது அண்ணி படித்துக் காட்டினார்களாம். “கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க. கடைசி வரிக்கு ம்ஹூம்னாங்க. வேண்டாம்னாங்க. அதையே அப்படியே அடிச்சேன். அப்புறம் தெனமும் எழுந்ததும், ‘அவன் ஏதாச்சும் எழுதியிருக்கானா பாரு’ம்பாங்க. அவங்க சொல்வாங்க, நான் அடிப்பேன்.”

“நல்லா இருக்குன்னு வந்ததெல்லாம்?”

“அது நான்தான் தம்பி. அவங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சு. நானா ம்ஹூம் போட எனக்கு மனசு வரல. ஒண்ணும் போடாம விட்டா நீங்க எழுதறத விட்ருவீங்களோன்னு பயம். நீங்க விட்டுட்டா, அவங்களுக்குப் படிச்சுக் காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?”

அண்ணனுக்கு எல்லாம் புரிகிறதாம், சொல்தான் வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பயிற்சி கொடுக்க வருகிறவர், இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு வரும்போது பழகிய சின்னச் சத்தம்தான் முதலில் வரும் என்று சொல்லியிருக்கிறார். அண்ணி என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணியைப் பார்த்தேன். என்ன சத்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

போனைத் திறந்து, சமீபத்தில் எழுதியதில் எனக்கே பிடித்த ஒன்றைக் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடித்ததும் சும்மா இருந்தான். ஒரு நொடி பழைய ஞாபகத்தில், தேறிவிட்டது என்று மனம் குளிர்ந்துவிட்டது. அடுத்த நொடிதான் உறைத்தது. இனிமேல் நான் எதைப் படித்தாலும் தேறிவிடும்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். இரண்டாவது வாரம் மாதா கோயில் பூசை முடிந்து மனைவியும் வந்தாள். அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடது கையால் நாற்காலியைக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று நடந்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

போகும்போது ஒரு கவிதை கொண்டுபோகிறேன். முன்பெல்லாம் நன்றாக வர வேண்டுமே என்று மண்டையை உடைத்துக்கொள்வேன். இப்போது எவ்வளவு கேவலமாக எழுத முடியுமோ அவ்வளவு கேவலமாக எழுதுகிறேன். அதுவும் லேசில் வராது. அண்ணனுக்கு எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் தேடிப் பிடித்துச் சேர்க்கிறேன். நிலா, நான் பார்க்காத பனிமலை, கடைசியில் கட்டாயம் காதல். குழுவிலும் போட்டுவிடுகிறேன். அருமை, சிறப்பு என்று அங்கே வழக்கம்போல மொய் விழுகிறது. ஒன்றுக்குச் சான்றிதழ்கூட வந்தது.

போன ஞாயிறு கொண்டுபோனது இது:

‘உன் கண்ணிரண்டும் மீன்கள்
உன் சொல்லெல்லாம் தேன்கள்
உனக்காக அழுகின்றன
ஓராயிரம் நான்கள்’

‘நான்கள்’ என்ற இடத்தில் நிறுத்தி, அண்ணன் முகத்தையே பார்த்தேன். புருவம் சுருங்கியது. உதடு லேசாக அசைந்தது. அண்ணி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுக் கிட்டே வந்து நின்றார்கள். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. சொல்லுடா அண்ணே, ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, அப்புறம் நான் எழுதவே இல்லை என்றாலும் பரவாயில்லை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். உதடு அடங்கிவிட்டது. சத்தம் வரவில்லை. இடது கையால் என் தொடையில் மெல்லத் தட்டினான்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தார்கள்.

“கிட்ட வந்துடுச்சு தம்பி, பாத்தீங்கல்ல? அடுத்த வாரம் இதவிட மோசமா எழுத முடியுமா?”

“எழுதிடறேன் அண்ணி,” என்றேன்.