நேசன் அண்ணை பார்க்கப் போன ஆறு

நேற்று லண்டன் குட்மேய்ஸ் கடையில் வாங்கிய மாசிக் கருவாட்டுச் சம்பல் டப்பா திறந்துகொண்டு பையெல்லாம் மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஊர் நினைவு வரவில்லை, ஜப்பான் நினைவு வந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் ஆட்கள் மாசிச் சம்பலை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நேசன் அண்ணை லண்டன் தமிழரின் கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு எல்லாவற்றையும் படம் எடுத்தே வயதுபோனவர். எனக்கு உறவில்லை, வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தவர். சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கி, இனிப் பார்வை கொஞ்சக் காலத்துக்குத்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜப்பானில் ஏதோ கிராமப்பக்கம், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே ஆறு, அதில் படகு. அதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"கமரா இல்லாமல், ஒருக்கா வெறுங்கண்ணால பாக்கோணும். நீ மட்டும் வா. வேற ஒருத்தரும் வேண்டாம்."

ஒருத்தரும் வேண்டாம் என்பது எங்கள் சனத்துக்கு விளங்காத பாஷை. நான் மனைவியிடம் சொன்னேன். அவள் லண்டன் எட்மண்டனில் இருக்கும் தங்கையிடம், என் மச்சாளிடம், சொன்னாள். கிழமை முடிவதற்குள் கைபேசியில் ஒரு குழு, ஒரே நிறத்தில் டீசேர்ட், சோறு அவிக்கப் பெரிய குக்கர். ஒரு மனுசனைத் தனியே விடுவது எங்களுக்குப் பாவம். செத்தவரைக்கூடச் சும்மா கிடக்க விடமாட்டோமே!

அங்கே ஜப்பானில் படகோட்டி நீண்ட கழியை ஊன்றியபடி மெல்லப் பாடிக்கொண்டு வந்தார். மற்றப் படகுகளில் இருமல்கூட இல்லை. எங்கள் படகில் புட்டும் மாசிச் சம்பலும் கட்டிய பொதி அவிழ்ந்தது. இதுக்கே இவ்வளவு தூரம் வந்தது, வேல்ஸிலேயே இப்படி ஒன்று கிடக்கிறதே என்று மச்சாள் குறைப்பட்டாள். கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்த சகலன், பேசுவது கேட்கவில்லை, பாட்டைக் கொஞ்சம் நிறுத்து என்று படகோட்டிக்குச் சைகை காட்டினார். அந்த மனுசன் குனிந்து வணங்கிவிட்டு நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் புட்டும் நன்றாக இருந்தது.

நேசன் அண்ணை முன்னுக்கு இருந்து பாறையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் மச்சாள் தன் கைபேசியை நீட்டினாள்.

"அண்ணை, எங்களை ஒண்டு எடுங்கோ. உங்களை மாதிரி ஆர் எடுப்பினம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் கோதிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் நகர்ந்து இருந்தேன். அவரும் ஆற்றுக்கு முதுகு காட்டி எங்கள் பக்கம் திரும்பினார். ஒரு கைபேசி முடிய அடுத்தது வந்தது. யாரோ கண்ணை மூடிவிட்டார்களாம், திருப்பி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். படகு கரை தட்டியது.

இப்போது அவருக்குப் பார்வை இல்லை. போன மாதம் செவன் கிங்ஸில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தடவிப் பிடித்தபடி, அந்த ஆறு என்ன நிறம் என்று கேட்டார். எனக்கும் ஞாபகமில்லை. கைபேசியில் படங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் நாங்கள்தான், நெருக்கியடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. எங்கள் முகங்களுக்கு வெளிச்சம் பார்த்து அருமையாக எடுத்திருந்தார். தோள்களின் இடுக்கில் தெரிந்த கொஞ்ச ஆறும் வெளுத்து வெள்ளையாகக் கிடந்தது.

"பச்சை அண்ணை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பச்சை?"