திருவிருந்தில் விம்டோ

விம்டோ என்ற கருஞ்சிவப்புப் பழப் பானமும் எடித் கெர்ஷாவும் பிறந்தது ஒரே வருடம், 1908. அது மான்செஸ்டரில், இவள் பத்து மைல் தள்ளி எங்கள் ராச்டேலில். ஏழு வயதில் மெதடிஸ்ட் கோயிலில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள், கடைசிவரை தொடவில்லை. பதின்மூன்று வயதில் பஞ்சாலைக்குப் போனாள். கல்யாணம் செய்தாள், கணவனைப் பறிகொடுத்தாள், மறுபடி தறிக்கே போனாள். பனிக்காலத்தில் வேலை விட்டு வரும் வழியில் சந்தைக் கடையில் வெந்நீர் ஊற்றிய சூடான விம்டோ ஒன்று குடிப்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

கோயிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு ஏற்பாடு செய்கிற பொறுப்பு அவளுடையது. மாதத்தின் முதல் ஞாயிறு, கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிளாஸ்கள் அறுபதில் புளிக்காத திராட்சரசம் ஊற்றி வைக்க வேண்டும். முறைபோட்டுச் செய்ய வேறு பெண்களும் உண்டு. ஆனால் இருபது வருடத்தில் தன் கையால் ஒரு தவறு நடந்ததில்லை என்று எடித்தே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். அவர்களில் ஒருத்தியான, அதே ஆலையில் வேலை பார்க்கும் நெல்லி ஹாஸ்லம் ஒருமுறை கிளாஸைச் சரியாகத் துடைக்காததை ஆறு மாதம் சொல்லிக் காட்டினாள். அப்படி ஒரு வாய்.

1961 பிப்ரவரி, நெல்லியின் முறை. சனிக்கிழமையே எடித் போய் நின்றாள்.

"உன்ன நம்பி விட்டா உருப்பட்ட மாதிரிதான். அலமாரிச் சாவியக் குடு, நானே பாத்துக்கறேன்."

நெல்லி கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை திறந்தால் திராட்சரசப் புட்டி காலி. சனிக்கிழமையே பார்த்து வாங்கி வைக்க மறந்தது சாட்சாத் எடித்தேதான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் இருந்த விம்டோவை எடுத்துவந்து தண்ணீர் கலந்து ஊற்றினாள். நிறம் கச்சிதமாக இருந்தது. கடவுள் மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மனிதர்களை மறந்துவிட்டாள்.

முழங்காலிட்டு வாங்கிக் குடித்த கிழவர் வால்ட்டர் ஆக்டன், பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்து வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் சொன்னார்: "விம்டோ!"

தறி இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு உதட்டசைவே பேச்சு. எதிரே இருந்த பாட்டுக்குழு மொத்தமும் படித்துவிட்டது. அடுத்த பாட்டில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கியதில் ராகம் எங்கோ போயிற்று.

தறி இரைச்சலே அறியாத தென் இங்கிலாந்துக்காரரான போதகர் பெம்பர்டனுக்கு உதடு படிக்கத் தெரியாது. ஊற்றியது விம்டோ என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. முகம் சிவக்க, சுவரில் இருந்த முறைப் பட்டியலைப் பார்த்து நெல்லியைக் கூப்பிட்டார். எடித் அங்கேயேதான் நின்றாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

நெல்லி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "பட்டியல்ல என் பேருதானே இருக்கு, ஐயா," என்றாள். போதகர் அந்தப் பேரை அடித்துவிட்டார்.

நான்கு வாரம். ஆலையில் நெல்லியை "வாம்மா விம்டோ" என்று கூப்பிட்டார்கள். எடித் சந்தைக் கடைப் பக்கமே போகவில்லை. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

மார்ச் திருவிருந்து முடிந்து எல்லாரும் கூடத்தில் தேநீர் குடிக்கும்போது போதகர் எழுந்தார். "இன்னைக்கு எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா அதுக்கு மிசஸ் கெர்ஷாதான் காரணம். இருபது வருஷம், ஒரு தப்பு கிடையாது!"

ஒருத்தரும் கைதட்டவில்லை. போதகர் மட்டும் தட்டினார்.

எடித்துக்குக் காது மடல்வரை எரிந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நெல்லியைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"மன்னிச்சிரு நெல்லி. பண்ணது நாந்தான்."

நெல்லி கெண்டியைக் கீழே வைத்தாள். அவளும் வாயை மட்டும் அசைத்தாள்.

"எனக்குத் தெரியும். நீ சாவி வாங்குனது இங்க எல்லாருக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. சத்தமாச் சொல்லு."

கூடத்தில் ஒரு கோப்பைகூட அசையவில்லை. இரண்டு பேர் பேசியதையும் அத்தனை பெண்களும் படித்திருந்தார்கள்.

எடித் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா," என்றாள். குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "ஐயா, அந்த விம்டோ எங்க வீட்டு விம்டோ."