அப்பாவுக்கு எழுதிவைத்த வயது

ஹட்டன் டவுனிலிருந்து பத்து நிமிஷ நடை. கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்த வயோதிபர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தபோது, இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கீழே இறங்கினால் மாதா கோயில், வாசிகசாலை, சினிமாக் கொட்டகை. பின்கதவைத் திறந்தால் மரங்களுக்கு நடுவே மலை ஏறும் ஒற்றையடிப் பாதை. ஓய்வுபெற்ற மனிதருக்கு வேறென்ன வேண்டும் என்று ஊரையெல்லாம் கேட்டேன். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவர் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துப் புத்தகத்தில் அறுபது. சிறுவயதில் அவருக்குப் பேர் பதியப் போனபோது, பெரிய ஆட்களோடு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று தாத்தா நான்கு வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் நடந்த காரியம்தான் அது. கணக்கப்பிள்ளையும் ஆள் வாட்டசாட்டமாக இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். அந்த நான்கு வயது இத்தனை வருஷம் சும்மா கிடந்துவிட்டு, இப்போது வந்து கழுத்தைப் பிடித்தது. அறுபது முடிந்ததென்று பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவருக்கு லயத்து அறையும் இல்லை. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளையான நான் டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர். நான் தங்கியிருந்ததோ பெண்கள் விடுதி. அப்பனே ஆனாலும் வாசலைத் தாண்டி வர முடியாது.

இல்லத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தன்னைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர்களுக்குச் சவரம் செய்துவிட்டார், வெந்நீர் சுமந்தார். புதுப் படம் வந்தால், போய்ப் பார்த்துவிட்டு வரும்படி இல்லத்துத் தலைவியான மதர் அவரை அனுப்புவார். எப்படி இருந்தது என்று கேட்டால், "பாட்டெல்லாம் இருந்துச்சு" என்பார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னை மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போவார். பாதை முடியும் இடத்தில் நின்றால் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலை தெரியும்.

"பாரு, எப்பிடிப் பிச்சு வச்சிருக்கானுங்க! இப்பிடி வெட்டினா செடி தழைக்குமா?"

திட்டி முடித்ததும் குரல் இறங்கிவிடும். வாராவாரம் அதே கேள்வி.

"ஞானஸ்நானப் பத்திரம் கெடச்சிச்சா தாயி? அதுல நெச வயசு இருக்கு, அதக் காட்டினா தோட்டத்துத் தொர திரும்பப் பேர் பதிஞ்சிடுவாரு."

"பழைய புத்தகம்ப்பா. கோயில் சாமியார் தேடுறாங்க."

சுத்தப் பொய். பத்திரம் முதல் மாதமே கிடைத்துவிட்டது. துரையிடம் கொடுக்க ஒரு கடிதமும் இருக்கட்டுமே என்று, டவுனில் மனு எழுதும் பெரியவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"டீச்சரம்மா, பிரஜாவுரிமை விண்ணப்பத்துல ஒங்கப்பா வயசு என்னான்னு போட்டீங்க?"

இலங்கைப் பிரஜையாக ஏற்கும்படி எங்கள் தோட்டத்து ஜனங்கள் அப்போது எழுதிக் கேட்க வேண்டியிருந்தது; அப்பாவின் விண்ணப்பத்தில் தோட்டத்து வயதைத்தான் போட்டிருந்தேன். நானேதான், கரும்பலகையில் எழுதுகிற அதே அழகான கையெழுத்தில்.

"அப்ப இத வெளிய எடுக்காதீங்க. வேல கெடைக்கும். ஆனா அங்க பொய் சொன்னதா ஆயிடும். ஒரு வயசு மாறினதுக்கே தள்ளிட்டாங்க, நான் பாத்திருக்கேன். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்தான்."

இங்கேயே பிறந்த அப்பா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தாத்தாமேல் கோபம் வந்தது, கணக்கப்பிள்ளைமேல் வந்தது, கடுதாசி வைத்துக்கொள்ளப் பெட்டிகூட இல்லாத ஜனங்களிடம் கடுதாசி கேட்ட அரசாங்கத்தின்மேல் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே துரையின் முன்னால் போய் நின்றிருப்பார். வருவது வரட்டும் என்கிற சுபாவம் அவருக்கு. பிரஜாவுரிமைப் பதில் வந்துவிட்டால் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஞாயிறுதோறும் அவரைப் பார்த்துப் பொய் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான்கு வருஷம் இப்படியே போனது. ஒரு ஞாயிறு அப்பா பாதையின் கடைசிவரை ஏறவில்லை. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மாதா பெருநாளுக்குப் பொறந்தவன் நான். இன்னையோட எனக்கு நெசமாவே அறுபது, தாயி. சாமியார இனிமே தேட வேணாமுன்னு சொல்லிடு, பாவம்."

விண்ணப்பத்துக்கு அன்றுவரை பதில் வந்திருக்கவில்லை.