முன்வாசலுக்கு ஓர் ஓக் மரம்

நான் ஓக் மரத்தை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் டெக்சாஸில் யார் வீட்டு முன்வாசலில் எந்த ஓக் நிற்கலாம் என்று பம்பாயில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து சொல்வதுதான் என் பிழைப்பு. அங்கே இருக்கும் தோட்டக் கம்பெனி இடத்தின் அளவை அனுப்பும். நாங்கள் பிளான் போட்டுக் கொடுப்போம். பிளானில் கன்று என்பதே கிடையாது. எந்த மரமானாலும், முழுசாக வளர்ந்தபின் எவ்வளவு தூரம் நிழல் விழுமோ அவ்வளவு பெரிய வட்டமாக வரைய வேண்டும். லைவ் ஓக் என்று ஒரு வகை, அதன் வட்டத்துக்குள் மாதுங்காவில் நான் இருக்கும் ஃப்ளாட்டும், பக்கத்து ஃப்ளாட்டும் தாராளமாக அடங்கும்.

அம்மா போன பிறகு அந்த ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். ஆபீஸில் மற்றவர்களெல்லாம் சின்ன வயசு. ஹிந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டு கூட்டமாக டீக்குப் போவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவேன், அதுவும் உண்மை.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவரின் வேலை வந்தது. எண்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரே ஓர் ஓக் வேண்டும், எந்த வகை என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். இதற்கென்று ரெடிமேடாக ஒரு பதில் வைத்திருப்போம். எனக்கு அதை அனுப்ப மனசு வரவில்லை. உட்கார்ந்து நானே எழுதினேன். லைவ் ஓக் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பச்சை, தலைமுறை தலைமுறையாக நிற்கும், ஆனால் கிளை பரப்ப அதற்கு அவசரமே கிடையாது. பர் ஓக் வறட்சிக்கு அசராது, காய் சின்ன எலுமிச்சை அளவு இருக்கும். அது நல்ல நிழல் தருவதற்குள் உங்கள் பேரன் தாத்தாவாகிவிடுவான். ரெட் ஓக் மளமளவென்று வளரும், இலை சிவந்து கொட்டும், குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெயில் விடும். ஆனால் நோய் வந்தால் முதலில் போவதும் அதுதான்.

எல்லாம் புரிந்தது, நீங்களாக இருந்தால் எதை நடுவீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ரெட் ஓக்கைத்தான் என்று எழுதினேன். நான் தனியாக இருக்கிறேன், மாடி ஃப்ளாட், நட மண் கிடையாது. இருந்திருந்தால் நான் இருக்கும்போதே போய் உட்கார ஒரு நிழல் வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன் என்றும் சேர்த்தேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது.

எங்கள் பதில்களை சூப்பர்வைசர் பார்த்த பிறகுதான் அனுப்ப முடியும். அவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இளையவர். என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசுவார். கூப்பிட்டுத் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"யக்கா, நாம பம்பாயில இருக்கோம்னு கிளையண்டுக்குத் தெரியவே கூடாதுல்லா. நீங்க தனியா இருக்கேன், மண்ணு இல்லன்னுல்லாம் எழுதுதியளே. ரெட் ஓக் நல்லதுன்னு மட்டும் போட்டு அனுப்பிருதேன்."

அவர் மேல் கோபப்பட நியாயமில்லை. இருந்தாலும் கோபப்பட்டேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெரியவரிடமிருந்து பிளானுக்குச் சம்மதம் வந்தது. ரெட் ஓக்கே இருக்கட்டும் என்றிருந்தார். அதன் கீழே, நீங்கள் எதை நடுவீர்கள் என்று சொல்லவே இல்லையே, பரவாயில்லை என்று ஒரு வரி. சம்மதம் வந்துவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்குமேல் ஓர் எழுத்துகூட அவருக்கு அனுப்ப வழியில்லை.

சாயங்காலம் பஸ் சயானில் டிராஃபிக்கில் நின்றபோது அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவுக்குப் பிறகு, உனக்கு எது வேண்டும் என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். கேட்டும் வாய் திறக்காத ஆள் என்றுதான் என்னை நினைத்திருப்பார்.