கெட்ட வருசமும் எங்கள் அந்தோனியாரும்

வருடத்தின் முதல் நாள் பருப்புத் தின்றால் இந்த நாட்டில் பணம் சேருமாம். நான் பராமரிக்கும் மூதாட்டி, சிஞ்ஞோரா கார்லா, தன் சக்கரக் கதிரையில் இருந்தபடியே என் தட்டை எட்டிப் பார்த்து, "இன்னும் போடு, இன்னும் போடு" என்றார். இலங்கையில், புத்தளக் கரையோரம் மாம்புரியில் எங்கள் வீட்டில் பருப்புக் கறி மட்டும்தான் என்றால், அன்று வலையில் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். யார் கண்டது? தொலைக்காட்சியில் ஒருவர் ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தாலியில் எல்லா ராசிக்கும் காதலும் பிரயாணமும்தான். "உன் நாட்டுக்கு என்ன சொல்கிறார்கள்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

என்ன சொல்கிறார்கள்! டொலர் முடிந்தது, எண்ணெய்க் கப்பல் வராது, மருந்து இருக்காது, அரசாங்கம் கவிழும், சனம் தெருவில் இறங்கும். சிங்களத்தில் சாத்திரி சொன்னால் சனியின் பார்வை என்பார், தமிழில் பொருளாதாரம் படித்தவர் சொன்னால் கடன் என்பார். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். நல்லது சொல்கிறவனை யூடியூப்பில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் நக்கலடித்துக்கொண்டிருந்தேன். இவற்றையெல்லாம் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் என் தம்பி ஜூட். ஊரில் சொந்தப் படகில் தொழில் செய்கிறான். வானிலை அறிக்கையை ஒருநாளும் நம்பாதவன், இந்த மனிதர்களின் பேச்சை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் வாழ்த்துச் சொல்ல அவனை வீடியோவில் அழைத்தேன். பின்னால் கிறிஸ்மஸ் பாலன் குடில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, சுவர்த் தட்டில் எப்போதும் நிற்கும் புனித அந்தோனியார் சிலை இல்லை. தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து மீண்டும் பார்த்தேன்.

நான் ஏன் பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வைகாசியில் தென்மேற்குச் சோளகக் காற்றுப் பிறந்தால் எங்கள் பக்கத்துக் கடல் தொழிலுக்கு உதவாது. சண்டை முடிந்தபின் அந்த மாதங்களில் மீண்டும் குடும்பம் குடும்பமாக கிழக்குக் கரையில் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி அடிப்போம். ஓலைக் கொட்டில்தான், ஆனாலும் அதுதான் அப்போது வீடு. புறப்படும்போது வலைக்கும் சட்டி பானைக்கும் முன்னால் அந்தோனியார் சுரூபம் ஏறும். அவர் போனால் குடும்பம் போய்விட்டது; அவர் தட்டில் இருந்தால், ஆம்பிளைகள் எங்கே திரிந்தாலும் குடும்பம் வீட்டில் இருக்கிறது. நான் இத்தாலிக்கு வரும்போது அம்மா அந்தச் சுரூபத்தைத் தூக்கி என் கையில் தந்து, "இவர் உனக்குத்தான். ஆனா இங்கயே இருக்கட்டும், நீ வருவாய்தானே" என்று சொல்லித் திரும்ப வாங்கித் தட்டில் வைத்தார். இப்போது ஜனவரி, எங்கள் பேச்சில் தை மாதம். தை மாதத்தில் யாரும் வாடிக்குப் போவதில்லை.

"அந்தோனியார் எங்க?" என்றேன்.

"பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கு."

ஆனி மாதத் திருநாளுக்கு முன்னால் மட்டும்தான் அவருக்குப் பெயின்ட். பின்னால் நின்ற அவன் மனைவி மெர்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சனத்தைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றிப்போகும் மீன்பிடி ட்ரோலர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

"எந்த ட்ரோலர், ஜூட்?" என்றேன்.

"கத்தாதீங்க அக்கா. சிலாபத்தில ஒரு ஆளோட கதைச்சிருக்கு. அவுஸ்திரேலியாவுக்கு. இனி இங்க இருக்கேலாது. என்ன சொல்றாங்க எண்டு நீங்களும் பாத்தீங்கதானே."

"வாய்க்கு வந்ததச் சொல்றவன்ட கதையக் கேட்டுப் பிள்ளையக் கடலில போடப் போறியா?"

"பிள்ளைக்குப் பால்மா இருக்காது எண்டாங்க. இப்ப கடையில இருக்கா? நீங்க போனீங்கதானே அக்கா. நான் போனா மட்டும் பிழையா?"

"நான் அந்தோனியாரத் தூக்கிட்டு வரல்லடா! அம்மா எனக்குத்தான் அவரத் தந்தவ. என்னக் கேக்காம அவர் படகேற ஏலாது. அவரத் தட்டில வச்சிட்டு நீ எங்கயும் போ."

அழைப்பைத் துண்டித்துவிட்டான். அழுதுகொண்டு நின்ற என்னிடம் சிஞ்ஞோரா என்னவென்று கேட்டார். தம்பி குடும்பத்தோடு கடலில் போகப் போகிறான் என்றேன். "கடலா, ஜனவரியிலா! எவ்வளவு நல்லது!" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பார், பிரயாணம் என்று சொன்னார்கள் அல்லவா? நீயும் ஒருநாள் போகலாம்." எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு வெட்கமும் வந்தது. கடல் அவருக்கு விடுமுறை, அதில் அவர் பிழை என்ன?

அதன்பிறகு ஜூட் என்னோடு கதைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை, ஆழ்கடலில் ஒரு ட்ரோலரைக் கடற்படை மறித்ததாகச் செய்தி வந்தது. பெண்கள், பிள்ளைகள், புத்தளக் கரையோரத்து ஆட்கள். ஜூட்டின் தொலைபேசி வேலை செய்யவில்லை, மெர்சியுடையதும் இல்லை. சிஞ்ஞோராவைக் குளிக்கவார்க்கும்போது கொதிநீரை ஊற்றிவிடுவேனோ என்று பயந்து வாளியைக் கீழே வைத்தேன்.

பின்னேரம் வீடியோ அழைப்பு வந்தது. முகம் இல்லை, சுவர்த் தட்டு மட்டும் தெரிந்தது. அதில் அவர் நின்றார், மூக்கில் பெயின்ட் உரிந்தபடியே. "பாத்தீங்களா உங்கட ஆள? இருக்கிறார்" என்றது ஜூட்டின் குரல். புறப்படும் நேரத்தில் மெர்சி அவரைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாளாம். அக்காவின் பொருளைக் களவெடுத்துக்கொண்டு கடலில் இறங்கேலாது என்றாளாம். அவர் இல்லாமல் இறங்க இவனுக்கும் துணிவு வரவில்லை. நான் நிலத்தில் குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொன்னவர்கள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. எண்ணெய்க் கப்பல் வரவில்லை, சனம் தெருவில் இறங்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் ஜூட்டின் படகு மணலில் கிடந்தது. வெற்றுக் கான்கள் வரிசையில் நிற்கும் படத்தை அனுப்பிவிட்டு, "இப்ப சொல்லுங்க அக்கா, அவங்க சொன்னது பொய்யா?" என்று கேட்டான்.

இந்த ஊர்க் கோவிலிலும் அந்தோனியார் இருக்கிறார், எங்களுடையவரைவிடப் பெரியவர், பொன் பூசியவர். இங்கே அவரைத் தங்கள் ஆள் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் போய் அவர் முன்னால் நின்று மண்ணெண்ணெய் கேட்கிறேன். தமிழில்தான் கேட்கிறேன், வேறு பாஷையில் எனக்கு அழ வராது.

போன கிழமை ஜூட் அழைத்தான். கோபமாக இல்லை, களைத்துப்போய்க் கேட்டான்: "அக்கா, உங்கட ஆளால நாங்க இங்க நிக்கிறம். நீங்க எப்ப வந்து அவரோட இருக்கப் போறீங்க?"

அடுப்பில் சிஞ்ஞோராவின் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.