ஏழு வீட்டில் செய்த சிலை

ஆமத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்னைப் போனில் கூப்பிட்டு, வராந்தாவில் வைக்க ஒரு சிலை செய்து தர முடியுமா என்று கேட்டார். அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய்வருகிறவர்கள். காலையில் ரோட்டோரம் நின்று வேனுக்குக் கை காட்டுகிற ஒரு பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். கலைமேல் உள்ள பிரியம் என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

உண்மை என்னவென்றால் எனக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு வெடிப் பெட்டி லேபிள் டிசைன் செய்கிறவன். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். கொரோனா போய்விட்டது, அந்த ஏற்பாடு போகவில்லை. என் நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்துவிட்டார்களாம். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதத்துக்கு என்று பெங்களூர் போன என் மனைவி, இரண்டாவது பேரனையும் வளர்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. தினமும் போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள், சாப்பிட்டாச்சு என்பேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் வாணத்தை ஊதாவும் மஞ்சளுமாகச் சிதற விட்டுவிட்டு, குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வட்டார ஓவியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் அதில் ரோஜாப்பூ வரும், யாருக்காவது பிறந்த நாள் என்றால் கேக் படம் வரும். சிலை விஷயத்தைப் போட்டு, எல்லாரும் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டேன். கட்டை விரல்கள் நிறைய வந்தன. உண்மையில் பேர் கொடுத்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை நான் ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்தேன். அச்சகத்தில் வெட்டிப் போட்ட காலண்டர் காகிதத்தை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து ஊற வைத்தேன். அதை அரைத்துக் கூழாக்கி, மரவள்ளி மாவுப் பசை கலந்து, கம்பிமேல் பூசிச் செய்வதாகத் திட்டம். பிளாஸ்டிக் ஸ்டூல் எட்டும், பெரிய பிளாஸ்க் ஒன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எட்டுப் பேர் உட்கார்ந்து கூழ் பிசைந்துகொண்டு ஊர் வம்பு பேசுவதை மனதுக்குள் பல தடவை பார்த்துவிட்டேன்.

முதல் ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து, டீ குடித்து, கொட்டகையின் கூரையைப் பார்த்தார்கள். கடை போர்டு எழுதுகிற பாய் இரண்டு தடவை மணி பார்த்தார். அவருக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு, ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் வேறு. ஆனைக்குட்டத்திலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கம்பெனியில் பேக்கிங் வேலை; சதுர்த்திக்கு அவர் பிடிக்கிற பிள்ளையாரை வாங்கப் பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் வருவார்கள். அவர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, எதுக்கு எல்லாரும் அம்புட்டுத் தூரம் வந்துட்டுப் போய்க்கிட்டு? ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்துருங்க. அவுகவுக வீட்டுல வச்சு முடிச்சிருவோம். நீங்க வந்து எடுத்துக்கிட்டா ஆச்சு."

மற்ற மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. எங்கள் பக்கத்தில் வேலை என்றாலே இந்த முறைதான். கம்பெனி ஆள் காலையில் காகிதத்தையும் பசையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். வீட்டில் இருப்பவர்கள் வெடிக்கு வெறுங்குழாய் சுருட்டி அடுக்கி வைப்பார்கள். சாயங்காலம் அவர் வந்து வாசலில் நின்றபடியே லோடு எடுத்துக்கொண்டு போவார். அது பழகிய கைகளுக்கு ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து செய்வது வீண் அலைச்சலாகத்தான் தெரியும்.

எனக்குச் சுருக்கென்றது. இல்லை, எல்லாரும் இங்கேயே உட்கார்ந்து செய்யலாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். என்னிடம் இருந்தது ஒரே பதில், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அதுவும் சரிதான்" என்றேன். அதோடாவது நின்றேனா? காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, ஏழடி உயரத்துக்குப் பெண்ணை முழு அளவில் வரைந்து, அதைக் கத்தரியால் ஏழு துண்டாக வெட்டினேன். தலை ஒருவருக்கு, மார்பும் தோளும் ஒருவருக்கு, சேலை மடிப்பு ஒருவருக்கு, பாதங்கள் ஒருவருக்கு, தொங்குகிற கை ஒருவருக்கு. வேனுக்குக் காட்டுகிற கை ஆனைக்குட்டத்துக்கு. பாய், "மொகம், ஒடம்பெல்லாம் நமக்கு வேண்டாம் அண்ணாச்சி, தூக்குவாளியக் குடுங்க, அசல் மாதிரியே செஞ்சு தாரேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு துண்டிலும் கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுவரை அளவு போட்டுக் கொடுத்தேன். கோபத்தில் செய்கிற வேலையை நான் எப்போதுமே நன்றாகச் செய்வேன்.

அப்புறம் ஏழு மாதம் என் டி.வி.எஸ். வண்டிதான் அலைந்தது. கூழைப் பிளாஸ்டிக் வாளியில் கொண்டுபோய் இறக்குவேன். அடுத்த வாரம் போய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பேன். "சரக்கு ரெடி அண்ணாச்சி" என்று குழுவில் செய்தி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனைக்குட்டத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி, ஒருவாய் காப்பி குடிச்சிட்டுப் போவீக."

"இருக்கட்டும் தாயி, இன்னும் மூணு வீடு போகணும்."

போக வேண்டிய வீடு எதுவும் இருக்காது. பல நாள் அங்கிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேனோ என்று பயம். அவர் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு பாடம் படிப்பதும், அவர் வீட்டுக்காரர் யாரையோ போனில் திட்டுவதும் வாசல்வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், இந்த ஆளுக்குப் போக்கிடமில்லை என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற மாட்டேன்.

ஏழு பாகமும் வந்து சேர்ந்த பிறகு கொட்டகையில் தனியாக நின்று ஒன்றோடொன்று கோத்தேன். தோளில் தலை உட்கார்ந்தது. இடுப்புக்குக் கீழே சேலை மடிப்பு நூல் பிசகாமல் வந்து சேர்ந்தது. கம்பிக்குக் கம்பி, துளைக்குத் துளை பொருந்தியது. ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்துக்கூடப் பேசியிராத ஏழு பேர் செய்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றாவது பொருந்தாமல் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. கை நீளம், வந்து பாருங்கள் என்றோ, கழுத்து கோணல், எல்லாரும் வாருங்கள் என்றோ சொல்லியிருப்பேன். இனி வார்னிஷ் அடித்தால் வேலை முடிந்தது. இன்னும் பத்து நாளில் பள்ளிக்கூடத்து வண்டி வந்து தூக்கிப் போய்விடும். அதற்கப்புறம் நான் யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஏணியை எடுத்துப் போட்டு, ஆக்ஸா பிளேடால் அவளுடைய தூக்கிய கையை மணிக்கட்டில் அறுத்தேன். உள்ளே கம்பி இருந்ததால் கால் மணி நேரம் ஆனது. கீழே இறங்கி, அறுத்த கையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். 'ஏணி சரிந்து சிலை விழுந்து கை போய்விட்டது. என்னால் தனியாக முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கொஞ்சம் வந்தால் நன்றாக இருக்கும்.' பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அரை மணி நேரத்தில் அழுகிற முகங்கள் நாலைந்து வந்தன. அப்புறம் பாய் எழுதினார், நம்ம கடைப் பக்கம் வந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று. தலை செய்தவர், எந்த பஸ்ஸில் கொடுத்துவிடுகிறீர்கள் என்று கேட்டார். கடைசியில் ஆனைக்குட்டத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் பதிவு வந்தது: "அண்ணாச்சி, நீங்க மேலுக்கு அடிகிடி படாம இருக்கீகள்ல? கைய மட்டும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க. ரெண்டே நாளுல முடிச்சுத் தாரேன். நீங்க அலையாண்டாம்னா வேன்காரர்ட்டக் குடுத்து விட்டாலும் சரிதான்."

நான் போட்டுக் கொடுத்த பாதையிலேயே எல்லாரும் ஒழுங்காக நடக்கிறார்கள். அவர்களைக் கோபித்து என்ன செய்ய? ஞாயிறு காலை பத்து மணிவரை கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. கையை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு ஆனைக்குட்டம் கிளம்பினேன்.

அவர் வாசலுக்கு வந்து பைக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். "உள்ள வரலாமா தாயி?" என்று கேட்டேன். அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு மளமளவென்று தரையில் கிடந்த நோட்டுப் புத்தகங்களை ஒதுக்கி, பாயை விரித்து, உள்பக்கம் பார்த்து "அண்ணாச்சி வந்திருக்காக, காப்பி போடு" என்று மகளிடம் சொன்னார்.

பையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அறுபட்ட இடத்தில் விரலால் தடவினார். கம்பி முனையை நகத்தால் நிமிண்டினார்.

"இது விழுந்த கை இல்லியே. விழுந்தா கூழுதான உதிரும், கம்பி வளையும். இது அறுத்ததுல்ல? ஆரு அறுத்தா?"

"நாந்தான்."

"நீங்களா! எதுக்கு?"

சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. வீடு பெரிசு என்றேன், ஸ்டூல் எட்டு வாங்கினேன் என்றேன், மனைவி பெங்களூரில் என்றேன். அடுத்த வாரம் சிலை போய்விட்டால் இங்கே வர எனக்கு ஒரு காரணமும் இருக்காது என்றேன். சொல்லும்போதே, அறுபது வயதை நெருங்குகிற ஆள் பேசுகிற பேச்சா இது என்று வெட்கமாக இருந்தது. அவர் மகள் காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் எடுத்துக் குடித்தேன். நான் குடிப்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மாசமா வாசல்லயே நின்னு வாங்கிட்டுப் போனீக," என்றார். "எங்க வீட்டுல நீங்க கை நனைக்க மாட்டீகன்னுல்ல நாங்க நெனச்சிக்கிட்டு இருந்தோம். எம் மகதான் சொல்லுவா, அந்தத் தாத்தாவை இனிமே உள்ள கூப்பிடாதம்மா, அசிங்கமா இருக்குன்னு."

டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் கிடந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஆளு வேணும்னா வாங்கன்னு சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி. அவ கைய எதுக்கு அறுத்தீக?"